ஊர் காணப் போனவர்கள்

கண்ணகியைக் கவுந்தி அடிகளின் காவலில் விட்டுவிட்டு, கோவலன் தனியாகத்தான் மதுரையைப் பார்க்கப் போனான். கோட்டை வாயிலில் வாளோடு யவனர்கள் காவல் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஐயம் எழாதபடி உள்ளே நுழைகிறான். கணிகையர் வீதி, நவமணி விற்கும் வீதி, பொன் கடைகள், துணிக் கடைகள், தானியம் குவித்த கூல வீதி என்று ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டுப் புறஞ்சேரிக்குத் திரும்புகிறான். இந்த ஒரு நாள் நடைக்காகவே சிலப்பதிகாரத்தில் இளங்கோ ஒரு முழுக் காதையை ஒதுக்கினார். அதற்கு ஊர்காண் காதை என்றே பெயர்.

தமிழில் ஓர் ஊரைத் தனியாளாகச் சுற்றிப் பார்த்த மிகப் பழைய கதைகளில் இது ஒன்று. இன்று ரயிலை விட்டு இறங்கித் தோள்பையோடு மேலவெளி வீதியைக் கடக்கும் பயணிக்கு ஒரு வசதி உண்டு. மதுரையின் பழைய நகரம் ஒருவர் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடக்கூடிய அளவு. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக விரியும் அமைப்பு. வழி தவறினால் கோபுரத்தைப் பார்த்து நடந்தால் போதும்.

யவனர் நின்ற கோட்டை இன்று இல்லை. நாயக்கர் காலத்துக் கோட்டையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அரசிடம் பணம் போதவில்லை. இடித்துத் தூர்ப்பவருக்கே அந்த மனை சொந்தம் என்று அறிவித்தார், வேலை நடந்தது. அப்படி விரிந்த நகரத்தில் நில அளவையாளர் மாரட்டின் பெயரில் ஒரு வீதியும், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரில் ஒரு வீதியும் இன்றும் இருக்கின்றன. ஒரு மேஸ்திரியின் பெயர் வீதிப் பெயராக நிலைத்த நகரங்கள் அதிகம் இல்லை. மதிலை இடித்த கலெக்டருக்கு மக்கள் நட்ட இரும்பு விளக்குதான் விளக்குத்தூண்.

காலைப் பொழுது கோயிலுக்கு. பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடுவார்கள், பிறகு மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் சீக்கிரம் போவது நல்லது. 2018 முதல் உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. தனியாக வந்தவருக்கு இது நல்லதே. படம் எடுக்கும் கவலை இல்லாமல் கண்ணால் பார்க்கலாம். 1559-இல் எழுந்த தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. அரியநாத முதலியார் 1569-இல் கட்டிய ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 985 தூண்கள்தான்.

ஆனால் இந்த வாயிலில் ஒரு நிமிடம் நின்று நினைக்க வேண்டியது உயரத்தையோ தூண்களையோ அல்ல. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கு முந்தைய நாள் வரை, மதுரையிலேயே பிறந்து வளர்ந்த பல்லாயிரம் பேருக்கு இந்தக் கோயில் வெளியிலிருந்து பார்க்கும் கோபுரம் மட்டுமே. யவனக் காவலரைக் கடந்து கோவலன் நுழைய முடிந்த நகரத்தில் அவர்கள் நுழைய முடியாத வாசல் இது.

யாருக்கு உள்ளே இடம் என்ற இதே கேள்விதான் பசிக்கிற நேரத்திலும் எழுகிறது. வெளியூர்க்காரர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்? ராணி மங்கம்மாள் (1689-1706) சாலைகள் போட்டார், நிழலுக்கு மரம் நட்டார், வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் கட்டினார். ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. சத்திரம் பெரிய தர்மம், ஐயமில்லை. ஆனால் சத்திரத்துச் சோறு எல்லோருக்கும் ஒரே பந்தியில் விழுந்த சோறு அல்ல. பின்னால் வந்த ஓட்டல்களிலும் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட அப்படித்தான். பெரியாரும் அவர் தோழர்களும் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை ஒழிந்தது.

இன்று மெஸ்ஸில் முன்பின் தெரியாத மூன்று பேருக்கு நடுவே காலியாக இருக்கும் நாற்காலியில் ஒருவர் உட்காருகிறார். இலை விழுகிறது, தண்ணீர் தெளிக்கிறார். “அண்ணே, குழம்பு ஊத்தவா, ரசமா?” என்று கேட்கிறார் பரிமாறுபவர். யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. வாளியோடு அவர் அடுத்த இலைக்கு நகரும் இந்தச் சாதாரணக் காட்சிக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

கோவலன் மதுரையில் உண்ட சோறு வேறு வகை. ஆயர் குலத்து மாதரியின் அடைக்கலத்தில் சாலி அரிசி, பால், மாங்கனி, வாழைப்பழம் எல்லாம் கிடைத்தன. கண்ணகி தன் கையால் காய் அரிந்து சமைத்து வாழைக் குருத்தில் பரிமாறினாள். உண்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு. அதன்பின் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனவன் திரும்பவில்லை. கண்ணகி மதுரைத் தெருக்களில் நடந்தது அதற்குப் பிறகுதான். அவளும் தனியாகத்தான் நடந்தாள், மற்றொரு சிலம்போடு. ஊர் காணும் உரிமை அவளுக்குக் காவியத்தில் கிடைக்கவே இல்லை. தனியாகப் பயணம் வரும் பெண்களை இன்று சித்திரை வீதியில் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் போகாது.

எல்லா வழிப்போக்கரும் மகிழ்ச்சியோடு இந்த ஊரைப் பார்த்ததில்லை. 1340-களில் சுல்தான்கள் ஆண்டபோது வந்த இபின் பதூதா இங்கே கொள்ளை நோயைக் கண்டார். நோய் கண்டவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்ததாக எழுதியிருக்கிறார். அவரும் இங்கே காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்.

நடை சாத்தியிருக்கும் பிற்பகலை நாயக்கர் மகாலுக்கு வைத்துக்கொள்ளலாம். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையில் மிஞ்சியிருப்பது நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பழுது பார்க்காமல் போயிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது. அந்தப் பெருந்தூண்களின் கீழே நிற்பவர் தன் உயரத்தை மறந்துவிடுவார். சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன.

பொழுது சாய்ந்ததும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். நின்றபடியே குடிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் பருத்திப்பால் வண்டி. இரவுக்குக் கறிதோசை: தோசை, முட்டை, கொத்துக்கறி மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லிலேயே வேகும்.

இந்த இரவுக் கடைகள் மதுரைக்குப் புதியவை அல்ல. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் அதுவே பெரியது. பகல் கடைகளுக்கு நாளங்காடி, இரவுக் கடைகளுக்கு அல்லங்காடி என்ற பெயர்களை அதில் காணலாம். தேன்கூடு போன்ற அடையும், பூரணம் வைத்த மோதகமும் விற்ற கூவியர், இரவு முதிர்ந்ததும் கடையிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிழுகிறார்கள். அரசனின் போரையும் கொடையையும் பாட வந்த புலவர், தூக்கம் தாங்காத பலகாரக் கடைக்காரரையும் விட்டுவைக்கவில்லை. மதுரையின் வரலாற்றில் இந்த ஓர் இடம்தான் எந்தக் கல்வெட்டையும்விட அருமையானது.

மதுரைக்குப் போகிறவர்கள் இரவு உணவு முடிந்ததும் அறைக்குத் திரும்பிவிட வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் மாசி வீதிகளில் ஒரு சுற்று தனியாக நடந்து பாருங்கள். இட்லித் தட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும் ஒரு கடையாவது திறந்திருக்கும்.