முசேயின் கணக்கு நோட்டு

எங்கள் கணக்கு முசேயிடம் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அறுபதுகளில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தேன். எங்கள் வகுப்பில் நாலு பேருக்கு ஒரு புத்தகம்தான். அதனால் முசே தாமே கணக்குகளை அமைத்து அந்த நோட்டில் எழுதி வைப்பார். பின்னத்துக்கு மீன் மார்க்கெட், பரப்பளவுக்குக் கடற்கரைச் சாலை என்று எல்லாம் நம் ஊர்க் கணக்குகள். அவர் காலமான பிறகு அந்த நோட்டைக் கேட்டு வீட்டுக்குப் போனேன். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிருந்தது.

பிரான்சில் இதற்கு ஆசிரியர்களே ஒரு வழி கண்டார்கள். செலெஸ்தேன் ஃப்ரெனே என்பவர் முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேச முடியாது. 1924-ல் தெற்கே பார்-சுர்-லூ கிராமப் பள்ளிக்குச் சிறிய அச்சுப்பொறி ஒன்று வாங்கினார். பிள்ளைகள் எழுதியதை அச்சடித்து, நாட்டின் மறுகோடியில் பிரெத்தாஞ் பகுதியிலிருந்த ஒரு பள்ளிக்குத் தபாலில் அனுப்பினார். அங்கிருந்தும் பதிலுக்கு வந்தது. பிறகு ஆசிரியர்கள் பலர் கூட்டுறவாகச் சேர்ந்து, பாட அட்டைகளும் சிறுநூல்களும் தயாரித்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

தபாலின் இடத்துக்கு இணையம் வந்தது. 2001-ல் அங்கே கணக்கு ஆசிரியர்கள் சிலர் சேசமாத் என்ற சங்கம் தொடங்கினார்கள். ஆளுக்கோர் ஊரில் இருந்தபடியே ஒருவர் எழுத, மற்றவர் திருத்த, 2006-ல் 'சேன்கியேம்' வகுப்புக்கு (நம் ஏழாம் வகுப்பு) முழுப் பாடநூலே வெளிவந்தது. அச்சுப் புத்தகத்துக்கு விலை உண்டு, இணையத்தில் இலவசம். யாரும் நகல் எடுக்கலாம், தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றவும் செய்யலாம். ஒரு நிபந்தனை: மாற்றியதையும் அதே போலப் பிறருக்குத் திறந்து வைக்க வேண்டும்.

நான் ஆயுள் முழுவதும் பைல் கட்டிய குமாஸ்தா. ஒரே பிரதியாக இருக்கும் காகிதம் என்றைக்காவது ஒருநாள் காணாமல் போகும் என்பது எனக்குத் தெரியும். சைக்ளோஸ்டைல் எடுத்து நாலு ஆபீசுக்கு அனுப்பியது எங்காவது கிடைத்துவிடும். முசேயின் நோட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இதைப் படிப்பவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருப்பீர்கள். பரணில் பாடக் குறிப்பு நோட்டுகள் இருந்தால் பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, இன்று பாடம் நடத்தும் ஓர் ஆசிரியருக்காவது அனுப்பச் சொல்லுங்கள். எடைக்குப் போட்டால் ஒரு கிலோ கூடத் தேறாது.