காசைவிடப் பெட்டிக்கு மவுசு

பழைய காசு சேர்க்கிறவன் என்று அவனியாபுரத்தில் பெயர் எடுத்துவிட்டதால், யாராவது ஒருவர் காசை முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். பெரும்பாலும் அது 1818 என்று ஆண்டு போட்ட பித்தளை வில்லையாக இருக்கும். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. சொன்னால் முகம் வாடிப்போகிறது. அரிசியை இழுக்கும் காசு என்று நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

எது அசல் என்று யார் சொல்வது? அந்தக் காலத்தில் ஆசாரி கல்லில் சுண்டி, ஓசையைக் கேட்டுச் சொல்வார். ஆளைத் தெரியும், நம்பினோம். தை முதல் நாள் நம்மூர் ஜல்லிக்கட்டில் கொடுக்கிற தங்கக் காசை யாராவது சுண்டியா பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் காசு வாங்குகிறவர் ஒரு மூலை, விற்கிறவர் ஒரு மூலை. அதனால் அங்குள்ள நாணயவியல் சங்கம் 1972இல் அசலா போலியா என்று பார்த்துச் சான்று தர ஆரம்பித்தது. 1979 முதல் தரமும் சொன்னது. 1 முதல் 70 வரையான மதிப்பெண், 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய செப்பு சென்ட் காசுகளுக்காகப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. ஆனால் சான்று வெறும் காகிதம். நல்ல காசின் காகிதத்தை மட்டமான காசோடு சேர்த்து விற்றால் என்ன செய்வது?

1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் இதற்கு வழி கண்டது. காசையும் தரச் சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டார்கள். உடைக்காமல் திறக்க முடியாது. அந்த முதல் பெட்டிகளில் காசு கொஞ்சம் ஆடும். குலுக்கினால் சத்தம் வரும். சேகரிப்பாளர்கள் அதற்குக் கிலுகிலுப்பை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1987இல் என்.ஜி.சி. வந்தது. அதன் முதல் பெட்டிகள் உள்ளே கறுப்பு.

சரி, புதுப் பெட்டியை வியாபாரிகள் நம்ப வேண்டுமே? ஐந்து சென்ட், பத்து சென்ட் போன்ற சில்லறைக் காசை உள்ளே வைத்து, சீட்டில் தரத்துக்குப் பதிலாக ‘சாம்பிள்’ என்று அச்சடித்து நாணயக் கண்காட்சிகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். சோப்புக் கம்பெனி வீட்டு வாசலில் சின்னக் கட்டி கொடுத்துவிட்டுப் போகுமே, அது மாதிரி. சும்மா வந்ததை யார் பத்திரப்படுத்துவார்கள்? பலர் தூக்கிப் போட்டார்கள். அதனாலேயே பழைய சாம்பிள்களைத் தேடி அலைகிற ஒரு கூட்டம் உருவானது. சீட்டின் நிறம், ஹாலோகிராம், கண்காட்சியின் பெயர் என்று ஒவ்வொன்றையும் தனி ரகமாக வைக்கிறார்கள். உள்ளே இருக்கிற காசை யாரும் கண்டுகொள்வதில்லை.

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. இப்போது பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். எந்த ஆண்டில் அசல் பெட்டி எப்படி இருந்தது, ஒட்டு எப்படி, எழுத்து எப்படி என்று ஒப்பிட, நிறுவனமே கொடுத்த சாம்பிளை விட நல்ல சாட்சி ஏது? பெட்டியில் அடைத்த காசை வாங்குகிறவர்கள் அதிலுள்ள எண்ணை நிறுவனத்தின் பதிவில் சரிபார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு சாம்பிள், பத்து சென்ட் காசு வைத்தது. உங்கள் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வரும்போது பெட்டியின் அடியில் இப்படி ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு தடவை கண்ணில் காட்டுங்கள்.