கணுக்கால் வளைந்த வரலாறு

அத்தஹிய்யாத்து இருப்பில் இடப்பாதத்தைக் கிடத்தி, வலப்பாதத்தை நாட்டி, அதன் விரல்களைக் கிப்லா நோக்கி மடக்குகிறோம். இடுப்பு, முழங்கால், கணுக்கால், விரல் மூட்டுகள் யாவும் இசைந்தாலன்றி அது கூடாது.

காலிழந்தோர்க்கு முன்பு கிடைத்த மேலைநாட்டுச் செயற்கைப் பாதத்தில் கணுக்கால் அசையாது, காலணியும் கட்டாயம். நாற்காலியில் அமர்வோருக்கான படைப்பு அது. குந்தவோ, வெறுங்காலுடன் பள்ளிவாசலுக்குள் நடக்கவோ உதவவில்லை. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பியல் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரும் மரமும் சேர்த்து, பல திசையிலும் வளையும் பாதத்தைச் செய்தனர். 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. சர்மாவை அறிந்தோர் சிலரே, அதில் எனக்கு வருத்தமுண்டு.

இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்துள்ளது. ஆயினும் நம் அஸ்தினாபுரத்தில், செயற்கைக் காலுடன் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்க விரும்பி வருபவருக்கு நாற்காலியை நீட்டுமுன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.