வெள்ளிக் காசில் வேந்தன் பெயர்

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகை தந்த பழங்காசுகளுள் சேரருடைய வெள்ளிக் காசுகள் இரண்டு தனித்து எண்ணத்தக்கவை. ஒன்றில் ‘மாக்கோதை’ என்றும் மற்றொன்றில் ‘குட்டுவன் கோதை’ என்றும் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. உடன் இருப்பது பக்கவாட்டில் அமைந்த ஒரு தலை. ஆண்டு இல்லை, தந்தை பெயர் இல்லை.

தலையின் அமைப்பு உரோமக் காசுகளை ஒத்தது. இதில் வியப்பில்லை. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசுகள் கொங்குநாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்துள்ளன. சேரரின் அச்சுத் தொழிலாளர் அவற்றைக் கண்டு பழகியிருக்க வேண்டும்.

சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. ‘கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை’ என்ற சேரமான் புறநானூற்றின் 245ஆம் பாடலைப் பாடியவன். மனைவியை இழந்து வருந்தியவன். குட்டுவன் கோதையோ 54ஆம் பாடலின் தலைவன். காசில் உள்ளவர் இவர்களே எனச் சொல்லிவிட மனம் விழைகிறது. பலர் சொல்லியும் இருக்கின்றனர். ஆயின் ‘கோதை’ சேரர் குடியில் திரும்பத் திரும்ப வரும் பெயர். பெயர் ஒன்றாயிருத்தல் ஆள் ஒன்றாதற்குச் சான்றாகாது.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கி.பி. 757 முதல் 796 வரை மெர்சியாவை ஆண்ட ஓஃபா, பெனி என்னும் வெள்ளிக் காசில் தன் பெயரைப் பொறித்தான். சிலவற்றில் உரோமப் பாணியில் தன் தலையையும் அமைத்தான். காசடித்தவன் பெயரும் அதில் உண்டு. அந்த ஓஃபா யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. ஆண்டு குறித்த சாசனங்களும் ஆண்டுவரிசைக் குறிப்புகளும் துணை நிற்கின்றன. நம் சங்கப் பாடல்கள் மன்னனின் கொடையைச் சொல்லும், போரைச் சொல்லும், ஆண்டைச் சொல்வதில்லை.

எனவே காலத்தைக் காசிடமே கேட்க வேண்டியுள்ளது. எழுத்தின் வடிவம் ஒரு வழி. முன்மாதிரியான உரோமக் காசின் காலம் மற்றொரு வழி. ‘உளியால் செதுக்கிய கல்’ என்று பொருள்படும் பத்து பாகாட்டில் பயிலும் மாணவர்க்கு ஒன்றை எளிதில் விளக்கலாம். அச்சில் எழுத்தை இடவலமாக மாற்றிச் செதுக்கினால்தான் காசில் அது நேராக விழும். மாக்கோதையின் பெயரை அவ்வாறு செதுக்கிய கை தமிழ் எழுத்தை நன்கு அறிந்த கை. அவன் பெயரை மட்டும் காசு சொல்லவில்லை.