மரந்தறித்தோர் வாய்மொழி

வரலாறு ஏட்டிலிருந்தே பிறக்கும் என்பார் உளர். கனடாவின் மேற்கெல்லையிலுள்ள பிரித்தானிய கொலம்பியாக் கரையோரம் அக்கொள்கைக்கு இடந்தரவில்லை. ஆங்கு மரந்தறித்தோரும் மீன்பிடித்தோரும் தம் வாழ்வைப் பெரும்பாலும் எழுதிவைத்தாரல்லர். கம்பனிக் கணக்குகளில் தறித்த மரத்தின் அளவு காணப்படும், தறித்தவனைக் காணமுடியாது. 1959 முதல் 1966 வரை இம்பர்ட் ஓச்சாட் என்பார் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்காக முதியோர் பலரின் நினைவுகளை ஒலிநாடாவிற் பதிந்தார். 1972 இல் ஹவாட் வைற் தொடங்கிய ‘ரெயின்கோஸ்ற் குரோனிக்கிள்ஸ்’ அத்தகைய நினைவுகளை அச்சேற்றியது.

இவற்றின் அருமை சிறு செய்திகளிலேயே விளங்கும். பெருமரத்தின் அடி பருத்துப் பிசின் செறிந்திருக்குமாதலால், தறிப்போர் அதிற் குழிவெட்டிப் பலகை செருகி, அப்பலகைமேல் நின்று கோடரி வீசினர். பழைய அடிக்கட்டைகளில் அக்குழிகள் இன்றும் கண்கள்போலத் தோன்றுகின்றன. எருதுகள் மரமிழுத்த வழியிற் பரப்பிய குறுக்குக்கட்டைகளுக்குச் சுறாவெண்ணெய் பூசினர். மீனவனின் உதவியின்றி மரமும் கடலையடையவில்லை! வீடுகளோ மரத்தெப்பங்களில் மிதந்தன. ஓரிடத்து மரம் முடிந்ததும் ஊரையே இழுத்துச் சென்றனர். நிலப்படம் அவ்வூரை எங்ஙனம் காட்டும்?

முதியோர் நினைவு ஆண்டுகளை மயக்கும் என்பது மெய்யே. ஆயின் எழுதினோர் எதனை எழுதாது விட்டனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவ்வினா நீதிமன்றத்தையும் அடைந்தது. அம்மாகாணத்தின் பழங்குடியினரான கிற்சான், வெற்சுவெற்றென் மக்களின் நிலவுரிமை வழக்கில், அவர்தம் வாய்மொழி வரலாறுகளுக்கு 1991 இல் விசாரணை நீதிபதி தனி மதிப்பளிக்கவில்லை. 1997 இல் கனடிய உயர்நீதிமன்றம் அதனைப் பிழையெனக் கண்டு, வாய்மொழிச் சான்று எழுத்துச் சான்றோடு சமநிலையில் ஆராயப்படல் வேண்டும் எனத் தீர்த்து, புதிய விசாரணைக்கு ஆணையிட்டது.