மைஹர் ஆசான்

ஆனி அல்லது ஆடி மாதத்துப் பௌர்ணமி வந்துவிட்டால், வடநாட்டு நகரங்களில் வாழும் நாம் ஒரு காட்சியைக் காண்கிறோம். பூவும் பழமும் ஏந்திய மாணவர்கள் தத்தம் இசையாசிரியரின் இல்லம் நாடிச் செல்கின்றனர். சிறுவரும் நரைத்த தலையினரும் ஒருங்கே ஆசானின் அடி பணிகின்றனர். குரு பூர்ணிமை என்பது அந்நாளின் பெயர். நமக்கும் இது புதிதன்று. தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, தட்சிணை தந்து வணங்கிப் பாடம் தொடங்கும் விஜயதசமி நம் வீடுகளிலும் உண்டு. வடநாட்டில் குருநாதர் சீடனின் மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டி அவனை ஏற்றுக்கொள்வார். அதனைக் ‘கண்டா’ கட்டுதல் என்பர். சடங்கு வேறாயினும் கருத்து ஒன்றே.

ஆயினும், வணங்கிய மாத்திரத்தில் குருவின் கடன் தீர்ந்துவிடுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாக அளித்த ஒரு பெரியாரை இங்கு நினைவு கூர்வோம். அவர் மைஹர் நகரில் வாழ்ந்த உஸ்தாத் அலாவுதீன் கான்.

அவர் பிறந்தது வங்காளத்தில், இன்று வங்கதேசத்தைச் சேர்ந்துள்ள சிவ்பூர் என்னும் சிற்றூரில். பிறந்த ஆண்டை 1862 என்பாரும் உளர். 1881 என்பாரும் உளர். இசை வேட்கை மேலிட்டு, சிறு வயதிலேயே அவர் வீட்டைத் துறந்து ஓடினார். கல்கத்தாவை அடைந்து, கோபால் கிருஷ்ண பட்டாச்சாரியார் என்னும் பாடகரிடம் சீடரானார். பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்வர வரிசைகளையே பழக வேண்டும் என்பது அவ்வாசிரியர் விதித்த நிபந்தனை. ஏழாண்டுகள் கழிந்த அளவில் ஆசிரியர் பிளேக் நோய்க்கு இரையானார். மனம் உடைந்த சீடர் வாய்ப்பாட்டை விடுத்து வாத்தியங்களின் பக்கம் திரும்பினார். கோவாவைச் சேர்ந்த லோபோ என்னும் பாண்டு வாத்தியத் தலைவரிடம் மேனாட்டு முறையில் வயலின் கற்றார். வேறு பலரிடம் ஷெனாயும் தாள வாத்தியங்களும் பயின்றார். பின்னர் அகமது அலி கானின் சரோத் இசையைக் கேட்டு, அவரிடம் அடைக்கலம் புகுந்தார்.

இத்தனைக்குப் பின்னும் அவர் தாகம் தணியவில்லை. அந்நாளில் ராம்பூர் அரசவையில் வஜீர் கான் என்னும் மாமேதை விளங்கினார். தான்சேனின் மகள் வழியில் வந்தவர், நவாபுக்கே ஆசான். எளிய வங்காளி இளைஞனுக்கு அம்மாளிகையின் வாயில் திறக்கவில்லை. ஒரு நாள் நவாபின் வண்டிக்கு முன் பாய்ந்து நின்று அவர் முறையிட்டார் என்றும், நவாபே வஜீர் கானிடம் பரிந்துரைத்தார் என்றும் சொல்வார்கள்.

சீடராக ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரும், பாடம் கிட்டுவது அரிதாயிருந்தது. இதன் காரணத்தை நாம் உணர வேண்டும். அக்காலத்தில் சங்கீதம் குடும்பச் சொத்து. உருப்படிகள் ஏட்டில் இல்லை. நெஞ்சில் மட்டுமே இருந்தன. அரசவையில் அவையே பிழைப்பு. நிலத்தையும் நகையையும் போல அவற்றைத் தந்தை மகனுக்கே வைத்துச் சென்றார். அயலாருக்குக் கற்பிப்பினும் அரிய பகுதிகள் மறைக்கப்பட்டன. ருத்ர வீணை வஜீர் கானின் குடும்பத்திற்கே உரியது. அதனை வாசிக்க அலாவுதீனுக்கு அனுமதி இல்லை. வஜீர் கானின் மூத்த மகன் இளமையில் இறந்ததாகவும், அத்துயரில், மறைத்து வைத்த வித்தை தம்மோடு மறைந்துவிடுமே என்று அஞ்சிச் சீடரை அழைத்து உள்ளன்போடு கற்பித்ததாகவும் சீடர் மரபில் ஒரு வரலாறு வழங்குகிறது. மறைக்கப்படும் வித்தை எத்துணை எளிதில் மாண்டுபோகும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இத்தனை இடர்ப்பட்டுப் பெற்றதை அலாவுதீன் கான் என் செய்தார்? விந்திய நாட்டைச் சேர்ந்த சிறு சமஸ்தானமான மைஹரின் மன்னர் பிரிஜ்நாத் சிங், அவரைத் தம் அவை வித்வானாகவும் தமக்கு ஆசிரியராகவும் அமர்த்திக்கொண்டார். 1918ஆம் ஆண்டில் விஷக் காய்ச்சல் இந்தியா எங்கும் உயிர்களைச் சூறையாடியது. மைஹரிலும் குழந்தைகள் பலர் பெற்றோரை இழந்தனர். அவ்வனாதைகளைச் சேர்த்து, அலாவுதீன் கான் ஒரு வாத்திய கோஷ்டியை அமைத்தார். குலமும் கோத்திரமும் கேளாமல், எழுத்தறியாத அச்சிறார்க்கு ராகமும் தாளமும் ஊட்டினார். பழைய துப்பாக்கிக் குழல்களை அளவு பார்த்து அறுத்து, ‘நல் தரங்கம்’ என்னும் புதிய வாத்தியத்தையும் அவர்களுக்காகச் செய்தார். ராம்பூரில் வாயில் காத்து நின்று பெற்ற இசை, மைஹரில் யாருமற்ற குழந்தைகளின் கையில் சேர்ந்தது. குருவின் கடன் தீர்ந்த இடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

அவரிடம் குறையே இல்லை என்று கூற மாட்டோம். பாடத்தில் பிழை கண்டால் அவர் சினம் எல்லை மீறும், அடிக்கும் தயங்கார். மூத்த மகள் புகுந்த வீட்டில் இசையால் துன்புற்றதைக் கண்டமையால், இளைய மகள் அன்னபூர்ணாவுக்குக் கற்பிக்க முதலில் மறுத்தார். ஆனால் அண்ணன் அலி அக்பரின் பிழையை அச்சிறுமி பாடித் திருத்துவதைத் தற்செயலாகக் கேட்டதும், தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். தமக்கு ஒருகாலத்தில் அடைக்கப்பட்டிருந்த வாயிலைத் தம் மகளுக்கும் அடைப்பது முறையன்று என்பதை அவர் உணர்ந்தார் போலும்! அன்னபூர்ணா தேவி ஸுர்பஹார் வாத்தியத்தில் ஒப்பற்றவராயினார். மேடையை விட்டு விலகி, 2018இல் மறையும் வரை மும்பையில் வாழ்ந்தார். புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா அவரிடம் கற்றவர்.

1938இல், அண்ணன் உதயசங்கரின் நாட்டியக் குழுவையும் மேனாட்டு வாழ்வையும் துறந்து மைஹருக்கு வந்தவர் ரவிசங்கர். நிகில் பானர்ஜி, பன்னாலால் கோஷ் முதலியோரும் அங்கே பயின்றனர். சீடருள் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். நாள் தவறாது தொழும் ஆசானோ, மைஹர் மலைமேல் வீற்றிருக்கும் சாரதா தேவியிடமும் ஆழ்ந்த பக்தி கொண்டிருந்தார். 1958இல் பத்மபூஷண் விருதும் 1971இல் பத்மவிபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 1972 செப்டம்பர் 6ஆம் நாள் மைஹரிலேயே அவர் மறைந்தார்.

இம்மரபின் ஒரு கிளை நம்மையும் தொட்டு நிற்கிறது. 1952இல் டெல்லி வானொலி நிலையத்தில் தேசிய வாத்திய விருந்தம் தோன்றியபோது, வடநாட்டு இசைக்கு ரவிசங்கரும் கர்நாடக இசைக்கு டி. கே. ஜெயராம ஐயரும் தலைமை ஏற்றனர். அனாதைச் சிறுவரைக் கொண்டு வாத்திய கோஷ்டி அமைத்த ஆசானின் சீடர், ஒரு தமிழ் வித்வானுக்கு அருகில் நின்று நாட்டிற்கே வாத்திய கோஷ்டி அமைத்தார். கீரவாணி, சாருகேசி, வாசஸ்பதி போன்ற நம் ராகங்கள் வடநாட்டு மேடையில் பரவியதிலும் ரவிசங்கருக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறந்த மண்ணை விட்டு வந்த நம் குழந்தைகளுக்கு இன்று குருகுல வாசம் இல்லை. வாரத்தில் இருநாள், குடியிருப்பு ஒன்றின் கூடத்தில், ஒரு மாமியோ ஒரு மாஸ்டரோ ஒரு மணி நேரம் வர்ணமும் கீர்த்தனையும் சொல்லிக் கொடுக்கிறார். அவ்வாசிரியரை விஜயதசமியன்று வணங்குவோம். அது நம் கடமை. ஆனால் மைஹர் ஆசானின் வாழ்வு நம்மிடம் கேட்பது இன்னும் ஒரு படி மேல். நமக்குத் தெரிந்த ஒரே ஒரு கீர்த்தனையையேனும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு, அக்குழந்தை எம்மொழி பேசுவதாயினும், மறைக்காமல் சொல்லிக் கொடுப்போமாக. நமக்குக் கற்பித்தவர் இன்று உயிரோடு இல்லாவிடினும், அவருக்குச் சேர வேண்டிய தட்சிணை அவ்வழியே அவரைச் சென்றடையும்.