கண்டி நாயக்கர்: மதுரையிலிருந்து வேலூர் வரை

ஊவா மலைகளில் பிறந்து வளர்ந்த எமக்குக் கண்டி இராச்சியத்தின் கதை தூரத்துக் கதை அன்று. ஊவாவும் அந்த இராச்சியத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அதன் கடைசி 76 ஆண்டுகளை ஆண்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர்கள். பாடப்புத்தகத்தில் சில வரிகளில் நாம் கடந்துபோன அந்தக் குடும்பத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் மலையகத் தமிழராகிய எமது வரலாற்றையும் தொடுவதால், இந்த நூற்றாண்டு மலரில் அதை எழுத விரும்பினோம்.

கண்டி மன்னனின் பட்டத்து அரசி அரச குலத்தில் பிறந்தவளாக இருக்க வேண்டும் என்பது மரபு. உள்ளூர்ப் பிரபுக்களின் மகளிருக்கு அந்தத் தகுதி இல்லை எனக் கருதப்பட்டதால் மதுரைப் பகுதியிலிருந்து பெண் எடுத்தார்கள். கடைசிச் சிங்கள மன்னனான வீர நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்து அரசியிடம் வாரிசு இல்லை. 1739இல் அவன் இறந்தபோது அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். மதுரையில் நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்திருந்தது. மூன்றே ஆண்டுகளில் கண்டியில் ஒரு நாயக்கர் வம்சம் தொடங்கியது. பிரபுக்களுக்கும் இது வசதியாக இருந்தது. தம்முள் ஒருவரை அரசனாக ஏற்க மற்றவர்கள் இசையமாட்டார்கள். வெளியிலிருந்து வந்தவரை எல்லோரும் ஏற்கலாம்.

வந்தவர்கள் நாட்டின் மரபுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்கள். 1747இல் அரசனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சைவ வழக்கில் வளர்ந்தவன். ஆனால் அழிந்துபோயிருந்த பிக்குகளின் உபசம்பதாவை மீட்க 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்தவன் அவனே. இன்றைய சியாம் நிகாயம் அப்படிப் பிறந்தது. தம்புள்ளை விகாரையின் ஓவியங்களும் தெகல்தொருவை விகாரையும் அவன் ஆதரவில் உருவானவை. இருந்தும் 1760இல் சில பிரபுக்களும் பிக்குகளும் அவனைக் கொல்லச் சதி செய்தார்கள். திருநீறு அணிகிறான் என்பதும் அவன் மீது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. சதி அம்பலமாகி அவன் தப்பினான். ஆனால் "அந்நியன்" என்ற சொல் அரண்மனைக்குள் தங்கிவிட்டது.

1782இல் அவனுடைய தம்பி ராஜாதி ராஜசிங்கனும், 1798இல் கண்ணுசாமி என்ற இளைஞன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாகவும் அரசரானார்கள். கண்ணுசாமியை அரியணையில் அமர்த்தியவர் பிலிமத்தலாவை அதிகார். பொம்மை அரசனாக இருப்பான் என்று அவர் எண்ணினார், அவன் இருக்கவில்லை. பின்னர் அவரே மரண தண்டனைக்கு உள்ளானார். 1814இல் ஆங்கிலேயரிடம் ஓடிய எகலப்பொலையின் மனைவியையும் பிள்ளைகளையும் மன்னன் கொல்வித்தான். அந்தக் கொடுமையை எந்த நியாயத்தாலும் மறைக்க முடியாது. அத்தோடு அவனிடம் எஞ்சியிருந்த ஆதரவும் போயிற்று. 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது.

அந்த உடன்படிக்கையை மாணவியர் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். அது மன்னனை மட்டும் நீக்கவில்லை. "மலபார்" இனத்தவருக்கு இந்த நாட்டில் ஆளும் உரிமை இனி இல்லை என்றது. மன்னனின் ஆண் உறவினர்கள் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றது. மன்னன் 1816இல் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். சிறையில் பிறந்த மகனும் 1843இல் இறந்தான்.

ஆயினும் ஊவா அந்தக் குடும்பத்தை உடனே மறக்கவில்லை. 1817இல் வெல்லஸ்ஸவில் எழுந்த கிளர்ச்சியின் தலைவன், தான் நாயக்கர் குலத்துத் துரைசாமி என்றே சொல்லிக்கொண்டான். அவன் உண்மையில் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. அந்நியர் என்று விரட்டப்பட்ட குடும்பத்தின் பெயரைச் சொல்லித்தான் இரண்டே ஆண்டுகளில் சிங்கள மக்களைத் திரட்ட முடிந்தது! அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளரோடு சேர்ந்து, 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வெலிமடைக்கு அருகே ஓர் ஊர் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர். இராணுவ மருத்துவப் புள்ளிவிவரத்தின் முன்னோடி என்று போற்றப்படுபவரும் அவரே. வைத்தியத் துறையில் இருக்கும் எம்மைப் போன்றோருக்கு அது கசப்பான செய்தி. அந்த மண்டையோடு நெடுங்காலத்துக்குப் பிறகுதான் நாடு திரும்பியது.

தமிழர் நுழைவதைத் தண்டனைக்குரியதாக்கிய அதே அரசு, 1820களில் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து எமது முன்னோரை இதே மாகாணங்களுக்கு அழைத்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியினரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரச குடும்பத்துக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் மலையும் மடுவும் போன்ற தூரம். ஆனால் இருவரையும் வெளியே நிறுத்தியது ஒரே கேள்வி: "நீ எங்கிருந்து வந்தாய்?"

1990இல் வேலூரில் பாலாற்றங்கரையில் அந்த மன்னனுக்கு முத்து மண்டபம் எழுப்பப்பட்டது. தமிழகம் செல்லும் எமது சகோதரிகள் ஒருமுறை அங்கே போய் வரட்டும். போகுமுன் தம்புள்ளை ஓவியங்களையும் பார்த்துவிட்டுப் போகட்டும். எங்கிருந்து வந்தார்கள் என்பதை வேலூர் சொல்லும். இங்கே என்ன விட்டுச்சென்றார்கள் என்பதைத் தம்புள்ளை சொல்லும்.